கைப்பேசியில் வந்த ஓலை

பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக இருப்பவனுக்குத் தினமும் கண்ணில் படும் காட்சி ஒன்று உண்டு. வந்திறங்கிய சரக்கை உரியவர் குறித்த நேரத்துள் எடுத்துச் செல்லாவிடில் அதன்மேல் ‘வார்ஃபேஜ்’ கட்டணம் ஏறத் தொடங்கும். எடுக்க வராதவர் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. சரக்கு வந்த செய்தியே பல வேளைகளில் அவருக்கு எட்டியிராது. ஆயினும் கட்டணம் அந்த நியாயத்தைக் கேட்பதில்லை. அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருக்கும்.

சென்ற ஆண்டு என் அத்தானுடைய கைப்பேசியில் ஒரு காகிதம் எழுபத்தொரு நாள் அவ்வாறே கிடந்தது. அதனை எடுப்பார் இல்லை. அதன்மேல் ஏறிய கட்டணம் எவ்வளவு, அஃது எவ்வாறு இறங்கியது என்பதை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்லவே இதனை எழுதுகிறேன். நம்முள் பலருடைய கைப்பேசியிலும் இத்தகைய காகிதம் இப்பொழுதே வந்து கிடக்கக்கூடும்.

என் அக்காளை மணந்தவர் தேவிகுளம் தாலுகாவில் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே பழைய சரக்கு ஆட்டோ ஒன்று ஓட்டிப் பிழைப்பவர். அந்த வண்டி வாங்க ஒரு நிதி நிறுவனத்தில் 1,80,000 ரூபாய் கடன் எடுத்திருந்தார். தவணை தவறாமல் கட்டியும் வந்தார். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து ஓட்டம் நின்றதும் மூன்று தவணைகள் நின்றுபோயின. பிறகு கைப்பேசிக்கு ஆங்கிலத்தில் செய்திகள் வரத் தொடங்கின. இவர் அவற்றை விளம்பரம் என்று எண்ணித் தள்ளிவிட்டார். வண்டியைத் தூக்கிச் செல்ல இரண்டு ஆட்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற பின்னரே பயம் பிடித்தது. மறையூர், சின்னாறு, உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி ஒலவக்கோட்டில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

“மாப்பிள்ளை, நீ ஆபீஸ்காரன். இது என்னன்னு படிச்சுச் சொல்லு” என்று கைப்பேசியை என் கையில் கொடுத்தார்.

நான் மெட்ரிகுலேஷன் வரை படித்தவன். ரயில்வே ரசீது எழுதும் ஆங்கிலம் எனக்குத் தெரியும். சட்டத்தின் ஆங்கிலம் தெரியாது. எனினும் மூன்று சொற்களை மாத்திரம் புரிந்துகொண்டேன்: நடுவர், விசாரணை, தீர்ப்பு. அஃதாவது, அத்தான் அடிவாரத்திலிருந்து அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு மலையேறிய ஒரு காலை பதினொரு மணிக்கு, எங்கோ ஒரு நகரத்தில், ஒரு கணினித் திரையில் அவர்மேல் விசாரணை நடந்து முடிந்திருக்கிறது. அவர் வரவில்லை என்று குறித்துக்கொண்டு 1,57,400 ரூபாய் கட்டுமாறு தீர்ப்பும் எழுதியாயிற்று.

இதற்கு ‘இணையவழித் தகராறு தீர்வு’ என்று பெயர் சொல்லுகிறார்கள். நீதிமன்றத்துக்கு நேரில் போகாமல், கைப்பேசி அல்லது கணினி வழியாகவே இரு தரப்பாரும் பேசித் தீர்த்துக்கொள்வதோ, ஒரு நடுவர் கேட்டுத் தீர்ப்பளிப்பதோ ஆகும். முறை தீயதன்று. அது பிறந்த இடமும் ஒரு பல்கலைக்கழகமே என்று அறிந்தபோது எனக்கு வியப்பாயிருந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஈத்தன் காட்ஷ் என்பாரும் அவருடைய கூட்டாளிகளும் 1996-ஆம் ஆண்டில் இணையத்திலேயே புகார் கேட்டுச் சமரசம் செய்யும் ஓர் அலுவலகத்தைத் தொடங்கினார்கள். 1999-இல் ‘ஈபே’ என்னும் மின்சந்தை, தன்னிடம் வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் இடையே மூளும் சச்சரவுகளைத் தீர்த்துப் பார்க்குமாறு அவர்களைக் கேட்டுக்கொண்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலேயே, சில்லறைப் பணத்துக்காக மூண்ட சண்டைகள் கடிதப் போக்குவரத்தில் ஓய்ந்தன. நம் நாட்டிலும் பெங்களூரிலுள்ள தேசிய சட்டப் பள்ளியில், மத்திய நுகர்வோர் அமைச்சகத்தின் ஆதரவில், நுகர்வோருக்கான இணையவழிச் சமரச மையம் ஒன்று அமைந்தது. கொரோனா நோய் பரவி நீதிமன்றங்கள் மூடிக்கிடந்தபோது, 2020 ஜூலை 11 அன்று சத்தீஸ்கர் மாநிலத்தில் மக்கள் நீதிமன்றமே திரையில் கூடியது. பிற மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின. கேரளத்தில் 2024 நவம்பர் முதல் கொல்லத்தில் காசோலை வழக்குகளுக்கென இருபத்துநான்கு மணி நேரமும் மனு ஏற்கும் இணைய நீதிமன்றம் நடந்து வருகிறது.

மலையில் வாழ்வோருக்கு இதனால் விளையும் நன்மையை விவரிக்க வேண்டியதில்லை. இடுக்கி மாவட்டத்தில் ரயில் கிடையாது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒரு சிறிய ரயில் ஓடிய காலம் உண்டு, 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதனை அடித்துச் சென்றது, மீண்டும் வரவில்லை. (ரயில்வேக்காரன் ஆனதால் இதனைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.) 2023 ஜூனில் போடிநாயக்கனூருக்கு ரயில் வந்ததையே மலைமேல் உள்ள நம்மவர் தங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததாகக் கொண்டாடினார்கள். மாவட்ட நீதிமன்றமோ தொடுபுழையை அடுத்த முட்டத்தில் இருக்கிறது. தேவிகுளத்திலிருந்து ஒருவர் வாய்தாவுக்குப் போய் வருவதென்றால் அன்றைய கூலி போயிற்று. பஸ் கட்டணமும் கைச்செலவும் தனி. ஐயாயிரம் ரூபாய் வழக்குக்கு நான்கு வாய்தா போனால் வழக்கில் வென்றும் பணத்தில் தோற்பான். ஆகவே நீதி திரையேறி வருவது நமக்கு ஒரு வரமே.

ஆனால் வரம் தருவோர் யார் என்பதைப் பார்க்க வேண்டும். அத்தானுக்குத் தீர்ப்பெழுதிய நடுவரை நியமித்தது யார்? கடன் கொடுத்த நிறுவனமே. வழக்காடுபவனே நீதிபதியைத் தேர்ந்து கொண்டுவந்தால், தீர்ப்பு எப்படி இருக்கும் என்பதற்குச் சட்டம் படிக்க வேண்டியதில்லை.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அத்தானை ஒரு சட்டக் கல்லூரியின் ‘லீகல் கிளினிக்’குக்கு அழைத்துச் சென்றேன். கிளினிக் என்றதும் அத்தான், “எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே” என்றார். மருத்துவ மாணவன் நோயாளியின் படுக்கையருகே நின்று வைத்தியம் கற்பதுபோல, சட்ட மாணவன் துன்பப்பட்டு வந்தவன் எதிரே அமர்ந்து வக்கீல் தொழிலைக் கற்பதால் அப்பெயர் வந்தது. இந்திய வழக்கறிஞர் கழகத்தின் 2008-ஆம் ஆண்டு விதிகள் ஒவ்வொரு சட்டக் கல்லூரியிலும் சட்ட உதவி மையம் இருக்க வேண்டும் என்கின்றன. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டமும் பல்கலைக்கழகங்களிலும் சட்டக் கல்லூரிகளிலும் இத்தகைய கிளினிக்குகள் ஏற்பட வழிசெய்யுமாறு தேசிய ஆணைக்குழுவுக்குக் கட்டளையிடுகிறது.

இந்த எண்ணத்துக்கு வித்திட்டவருள் ஒருவர் நம் பாலக்காட்டுக்காரர். தமிழ்க் குடும்பத்தில் தோன்றித் தலைச்சேரியில் வழக்கறிஞராயிருந்து, 1957-இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்ட அமைச்சராகி, 1973 முதல் 1980 வரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய வி. ஆர். கிருஷ்ணய்யரையே குறிப்பிடுகிறேன். ஏழைகளுக்குச் சட்ட உதவி எவ்வாறு கிடைக்கச் செய்வது என்று ஆராய்ந்த நிபுணர் குழுவுக்கு அவர் தலைவராயிருந்து 1973-இல் அறிக்கை அளித்தார். சட்டம் பயிலும் பிள்ளைகளை ஏழையின் வழக்கோடு பழக வைக்க வேண்டும் என்பது அக்காலத்து யோசனைகளுள் ஒன்று. 1976-இல் அரசியலமைப்பில் 39-ஏ என்னும் பிரிவு சேர்ந்து, இலவசச் சட்ட உதவி அரசின் கடமையாயிற்று. நான் முதலில் இதனை எல்லாம் அறியேன். அந்தக் கிளினிக்கின் சுவரில் மாட்டியிருந்த அவருடைய படத்தைப் பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

எங்களுக்கு எதிரே வந்தமர்ந்தவள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெண். நான்காம் ஆண்டு மாணவி. மலையாளத்தில் பேசத் தொடங்கியவள், அத்தான் வாய் திறந்ததும் தமிழுக்கு மாறினாள். “ஐயா, முதல்லேருந்து சொல்லுங்க. அவசரம் இல்லை” என்றாள். அந்த ஒரு சொல்லில் அத்தானுக்குப் பாதி பாரம் இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். மூன்று மாதமாக அவரிடம் பேசியவர் எல்லோரும் அவசரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கைப்பேசியிலிருந்த காகிதங்களை அவள் தேதிவாரியாக அடுக்கினாள். பிறகு பேராசிரியரை அழைத்து வந்தாள். மாணவர் நீதிமன்றத்தில் நின்று வாதாட முடியாது. கேட்டு எழுதுவதும், காகிதம் தேடுவதும், மனு வரைவதும், விளக்கிச் சொல்லுவதுமே அவர்கள் வேலை. எல்லாம் ஆசிரியர் மேற்பார்வையில். பேராசிரியர் இரண்டே வினாக்கள் கேட்டார். தீர்ப்பு எந்தத் தேதியில் கைக்கு வந்தது? தகராறு மூண்ட பிறகு, இந்த நடுவரே போதும் என்று எங்கேனும் எழுத்தால் ஒப்புக்கொண்டீர்களா?

இரண்டாவது வினாவுக்கு அத்தான் இல்லை என்றார். அந்த ‘இல்லை’யில்தான் வழக்கே இருந்தது. நடுவர் தீர்ப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தத்தின்படி, ஒரு தரப்போடு தொடர்புள்ளவர் நடுவராக அமர்வதற்குத் தடை உண்டு. தகராறு எழுந்த பிறகு மறுதரப்பு எழுத்தால் வெளிப்படையாக இசைந்தாலன்றி அத்தடை நீங்காது. வழக்கின் முடிவில் ஆதாயமுள்ளவர் தாமே தனி நடுவரை நியமிக்கலாகாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பெர்க்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் தீர்த்தது. அப்பொழுது பேராசிரியர் என் பக்கம் திரும்பி, “உங்கள் ரயில்வேயும் இதில் மாட்டிக்கொண்டதுதான்” என்று சிரித்தார். ரயில் பாதைகளை மின்மயமாக்கும் மத்திய நிறுவனம், ஒப்பந்தக்காரரோடு தகராறு வந்தால் தான் தரும் பட்டியலிலிருந்தே நடுவரைத் தேர வேண்டும் என்று விதித்திருந்தது. 2024 நவம்பர் 8 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியலமைப்பு அமர்வு இத்தகைய விதியை ஆராய்ந்து, அரசுத்துறை ஒப்பந்தங்களில் ஒருதலைப்பட்சமாக நடுவரை நியமிப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது. நான் வேலை செய்யும் இடத்துக்கு எதிரான தீர்ப்பு என் அத்தானுக்குத் துணையாக வந்தது என்பதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் முதல் வினாவே அச்சம் தந்தது. தவறான நடுவர் எழுதிய தீர்ப்பாயினும், அது தானாக அழிந்துபோகாது. அதனை ரத்து செய்யுமாறு தீர்ப்பு கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துள் நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் முப்பது நாள் கிடைக்கும். அதற்கப்பால் ஒரு நாளும் இல்லை. எழுபத்தொரு நாள் கழிந்திருந்தது. வண்டி தூக்க ஆட்கள் வராமல், அத்தான் இன்னும் இரண்டு மாதம் அதனை விளம்பரம் என்றே எண்ணியிருந்தால், பேராசிரியருக்கும் செய்வதற்கு ஒன்றும் இருந்திராது.

அன்றே அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதினாள். வருமானச் சான்று, கடன் பத்திரம், தவணை கட்டிய ரசீதுகள் ஆகியவற்றைச் சேர்த்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பம் போயிற்று. ஆணைக்குழு தந்த வழக்கறிஞர் காலக்கெடு தீருமுன் ரத்து மனுவை இணைய வழியிலேயே தாக்கல் செய்தார். அத்துடன் நிறுவனத்துக்கு ஒரு கடிதமும் போயிற்று. இதுவரை குறுஞ்செய்தி மாத்திரம் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் முதன்முறையாக மனிதக் குரலில் தொலைபேசியில் பேசினார்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

சமரசமும் திரையில்தான் நடந்தது. அத்தான் தாலுகாச் சட்டப்பணிக் குழுவின் அலுவலகத்தில் ஒரு கணினி முன். நிறுவனத்தின் வக்கீல் வேறோர் ஊரில். மாணவியும் நானும் கிளினிக்கில். அசல் கடனில் மிச்சமும் சிறிது வட்டியுமாக 1,20,000 ரூபாய், மாதம் 6,000 வீதம் இருபது தவணைகள் என்று முடிவாயிற்று. வட்டியும் அபராதமும் நடுவர் கட்டணமுமாக ஏற்றிய 37,400 ரூபாய் தள்ளுபடி. எல்லோர் முகத்திலும் மலர்ச்சி. அத்தான் அங்கேயே சம்மதம் சொல்லிவிட இருந்தார்.

அந்தப் பெண், “கொஞ்சம் பொறுங்க. எழுதினதைத் தமிழில் படிச்சுக் காட்டணும்” என்றாள்.

ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை வரி வரியாகத் தமிழாக்கிப் படித்தாள். ஏழாவது வரியில் இருந்தது செய்தி. ஏதேனும் ஒரு தவணை ஒரு நாள் பிந்தினாலும் சமரசம் முறிந்து, பழைய 1,57,400 ரூபாயும் வட்டியோடு உயிர்பெறும் என்பது அதன் பொருள். இது வழக்கமான வாசகந்தான் என்றார் வக்கீல். இருக்கலாம். ஆனால் ஜூன் முதல் ஆகஸ்டு வரை மலையில் ஓட்டம் இராது என்பது அத்தானுக்குத் தெரியும், வக்கீலுக்குத் தெரியாது. அந்த வரியோடு அவர் கையெழுத்திட்டிருந்தால் அடுத்த ஆடி மாதத்திலேயே வண்டி போயிருக்கும். “மழை மாசத்துல என்னால முடியாதுங்க. பங்குனியில வேணும்னா ரெண்டாக் கட்டுறேன்” என்று அத்தான் முதன்முறையாகத் தம் வாயால் பேசினார். வக்கீல் சற்று நேரம் திரையிலிருந்து மறைந்து, நிறுவனத்தைக் கேட்டுவிட்டு வந்தார். மழை மாதங்கள் மூன்றுக்கும் விலக்கு. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால்தான் முறிவு என்று திருத்தினார்கள். பிறகே கையெழுத்து.

இதனை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட முடிவு, உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு ஒன்றே வழி. அதுவும் மிகக் குறுகிய காரணங்களுக்கே. நேரில் போகும் நீதிமன்றத்தில் படியேறும்போதாவது ஒருவன் யோசிப்பான். திரையில் யோசிக்க இடமில்லை. ஓர் எண் வருகிறது, அதனைச் சொல் என்கிறார்கள், சொன்னால் முடிந்தது. 2023-ஆம் ஆண்டின் சமரசச் சட்டமும் இணையவழிச் சமரசத்துக்கு இரு தரப்பாரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்றுதான் சொல்லுகிறது. சம்மதம் என்பது புரிந்து சொல்வது அன்றோ? புரியாத மொழியில் தலையாட்டுவதை எங்ஙனம் சம்மதம் என்பது?

மொழிப் பேச்சு வந்ததால் ஒன்று கூறுவேன். 1956-இல் மாநில எல்லைகள் வகுத்தபோது தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தில் அமைந்தன. நாம் இங்கு இருக்கிறோம். அதில் இப்பொழுது புகார் ஒன்றுமில்லை. ஆனால் 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும், தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழிலேயே வர வேண்டும் என்கிறது. அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவும், மாநிலத்தில் வழங்கும் எம்மொழியிலும் ஒருவர் தம் குறையை அதிகாரிக்கு எழுதிக் கொடுக்கலாம் என்கிறது. காகிதத்தில் இருக்கும் இவ்வுரிமை கணினித் திரைக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை. அக்ஷயா மையத்தில் உட்கார்ந்து பாருங்கள். திரையில் மலையாளமும் ஆங்கிலமுமே தெரியும். கிளினிக்கில் தமிழ் தெரிந்த ஒரு மாணவி இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி வழக்காட முடியாது. எல்லையோரத்துப் பிள்ளைகள் சட்டம் படிக்கப் போகும் கல்லூரிகளில், தமிழ் தெரிந்த மாணவர் இன்ன நாளில் இருப்பார் என்று ஒரு பலகையேனும் வைக்கலாம். நம் சங்கம் இதனை எழுத்தால் கேட்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானமாகவே கொண்டுவர எண்ணுகிறேன்.

கடைச் சாமான் தகராறுகளுக்கு வழி இன்னும் எளிது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை எங்கு வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலைகொடுத்த பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 2020 செப்டம்பரில் ‘இ-தாக்கில்’ என்று தொடங்கிய இணைய முறை 2025 ஜனவரி முதல் ‘இ-ஜாக்ருதி’ என்ற பெயரில் நடக்கிறது. விசாரணையையும் திரையில் கேட்கலாம். 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவியும், 15100 என்ற எண்ணில் சட்ட உதவியும் கிடைக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பாராமலேயே இலவச வழக்கறிஞர் உண்டு என்பதைப் பலர் அறியார். என் அக்காள் பெயரில் கடன் இருந்திருந்தால் வருமானச் சான்றுக்காக அத்தான் நான்கு நாள் அலைந்திருக்க வேண்டியதில்லை.

கிளினிக்குக்குப் போவோர் கைப்பேசியில் வந்த செய்திகளை அழித்துவிடாமல் கொண்டுபோக வேண்டும். ஆபத்தான செய்தி என்று பயந்து அழித்தவர்கள் உண்டு. செய்தி வந்த தேதியே பிறகு நம்மைக் காக்கும் சாட்சி. கடன் பத்திரத்தின் நகல் இல்லாவிடில் நிறுவனத்தை எழுத்தால் கேட்டு வாங்கலாம். இடைத்தரகருக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டாம்.

அத்தான் இதுவரை ஏழு தவணை கட்டியிருக்கிறார். ஒவ்வொரு மாதமும் ரசீதைப் படமெடுத்து எனக்கு அனுப்புகிறார். சென்ற வாரம் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு செய்தி வந்ததாம். இரவு பத்து மணிக்கு அழைத்து, “மாப்பிள்ளை, இது என்ன ஓலைன்னு பாரு” என்றார். பார்த்தேன். சமையல் எரிவாயு உருளை பதிவாயிற்று என்ற அறிவிப்பு.